அப்டேட் முடிந்தது, ஃபோல்டர் காலி. என் ஃபைல்களை அழிக்க அதற்கு யார் அனுமதி கொடுத்தது?

மழைத்துளி கேட்டது:

நேற்று இரவு நடந்ததை இன்னும் முழுசாக நம்ப முடியவில்லை, அதனால் எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போட்டோ, ஆடியோ எல்லாவற்றையும் ஒரே இடத்தில் அடுக்கி வைக்கும் ஒரு மென்பொருளை ஆறு வருடமாகப் பயன்படுத்துகிறேன். புகார் அனுப்பியிருக்கிறேன், அவர்கள் பதில் சொல்லும்வரை பெயரை இங்கே போட வேண்டாம் என்று நினைக்கிறேன். நேற்று அதைத் திறந்ததும் புதிய பதிப்பு வந்திருக்கிறது என்று ஒரு பெட்டி வந்தது, வழக்கம்போல சரி என்று அழுத்தினேன். நாலைந்து நிமிடம் ஓடியது. நூலகம் புதிய அமைப்புக்கு மாற்றப்பட்டது என்று சொல்லித் திறந்தது. உள்ளே போட்டோக்கள் பாதிதான் இருந்தன, ஆடியோ என்ற பகுதியே இல்லை. சரி, மென்பொருள்தான் ஏதோ குழம்பியிருக்கிறது, ஃபைல்கள் டிஸ்கில் இருக்கும் என்று டி டிரைவுக்குப் போய்ப் பார்த்தால் அந்த ஃபோல்டரே காணவில்லை. காலியாகக்கூட இல்லை, ஃபோல்டரே இல்லை. ரீசைக்கிள் பின்னில் தேடினேன், அங்கேயும் எதுவும் இல்லை.

போட்டோக்களில் பெரும்பகுதி வேறு இடங்களில் கிடைக்கும், அதைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. ஆடியோதான். அம்மாவின் கடைசி இரண்டு வருடங்களில் அவர் பேசியதை அப்போதைக்கப்போது போனில் பதிவு செய்து வைத்திருந்தேன், மொத்தம் 37 பதிவுகள். சிலவற்றில் தன் சின்ன வயதுக் கதைகளைச் சொல்கிறார், சிலவற்றில் சும்மா என்னைத் திட்டுகிறார். இரண்டு வருடம் முன்பு லேப்டாப்பில் இடம் போதவில்லை என்று நூலகத்தை சி டிரைவிலிருந்து டி டிரைவுக்கு மாற்றியபோது இவற்றையும் அதே ஃபோல்டருக்குள் போட்டேன். அது ஒன்றுதான் பிரதி.

ஒரு எச்சரிக்கை வரவில்லை. "இந்த ஃபோல்டரை அழிக்கப் போகிறேன், சம்மதமா" என்று ஒரு வரி கேட்டிருந்தால் நான் அங்கேயே நிறுத்தியிருப்பேன்.

இப்போது ஒரு ரெக்கவரி மென்பொருளை டவுன்லோட் செய்து வைத்திருக்கிறேன், இன்னும் இன்ஸ்டால் செய்யவில்லை. முதலில் உங்களிடம் கேட்கலாம் என்று தோன்றியது. ஃபைல்கள் திரும்பக் கிடைக்குமா? எதை எந்த வரிசையில் செய்ய வேண்டும்? அப்புறம், ஒரு அப்டேட் எப்படி என் சொந்த ஃபைலில் கை வைக்க முடிகிறது என்பதையும் யாராவது புரியும்படி சொல்லுங்கள்.

பேக்கப் எடுத்திருக்க வேண்டும் என்பது எனக்கே தெரியும். தயவுசெய்து அதை மட்டும் இன்று சொல்லாதீர்கள்.


வட்டுவைத்தியர்:

மழைத்துளி, இன்ஸ்டால் செய்யாதீர்கள். லேப்டாப்பை இப்போதே அணைத்துவிடுங்கள், மீதியைப் போனிலிருந்து படியுங்கள்.

அழிந்த ஃபைல் அந்த நொடியே டிஸ்கை விட்டுப் போய்விடுவதில்லை. "இந்த இடம் இனி காலி" என்று அட்டவணையில் ஒரு குறி மட்டும் விழுகிறது, தரவு அங்கேயேதான் கிடக்கும். அதன் மேல் வேறு ஏதாவது எழுதப்படும்வரைதான் நமக்கு நேரம். நீங்கள் பிரவுசரைத் திறந்தாலும் எழுதும், சிஸ்டம் தானாக அப்டேட் இறக்கினாலும் எழுதும், ரெக்கவரி மென்பொருளை இன்ஸ்டால் செய்தால் அதுவே உங்கள் அம்மாவின் குரல் மேல் போய் உட்காரலாம். நல்லவேளை, கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று நினைத்தீர்கள்.

ரீசைக்கிள் பின்னில் ஏன் இல்லை என்றால், அது நீங்கள் கையால் டிலீட் செய்யும்போது வரும் வசதி. ஒரு புரோகிராம் நேரடியாக ஃபைலை அழிக்கச் சொன்னால் பின் வழியாகப் போகாது, நேரே போய்விடும்.

இப்போது எனக்கு ஒன்று தெரிய வேண்டும். டி டிரைவ் என்பது தனி டிஸ்கா, அல்லது ஒரே டிஸ்கை இரண்டாகப் பிரித்ததா? அது சுழலும் ஹார்ட் டிஸ்கா, சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டியா? எல்லாமே இதில்தான் இருக்கிறது. எஸ்எஸ்டி என்றால் ஃபைல் அழிந்ததும் சிஸ்டம் டிரிம் என்றொரு கட்டளை அனுப்பும், "இந்த இடங்கள் இனி வேண்டாம்" என்று. அதற்குப் பிறகு அந்த இடத்தைப் படித்தால் பெரும்பாலும் வெறும் பூஜ்ஜியங்கள்தான் வரும், எந்த மென்பொருளும் கொண்டுவர முடியாது. சுழலும் டிஸ்க் என்றால் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. (சில புதிய வகை ஹார்ட் டிஸ்குகளும் டிரிமை ஏற்கும், ஆனால் பழைய லேப்டாப் டிஸ்குகளில் அந்தப் பயம் குறைவு.)

மறுபடி ஆன் செய்வதற்கு முன் இன்னொன்று. விண்டோஸில் வாராவாரம் டிரைவை ஒழுங்குபடுத்தும் வேலை ஒன்று தானாக ஓடும். ஹார்ட் டிஸ்கில் அது ஃபைல்களை இடம் மாற்றி அடுக்கும், எஸ்எஸ்டியில் டிரிமை மறுபடி அனுப்பும். இரண்டுமே நமக்கு எதிரி. அதனால்தான் அணைத்தே வையுங்கள் என்கிறேன்.

உங்களுக்கு நடந்தது ஒரு அப்ளிகேஷனின் வேலை. ஆனால் சிஸ்டம் அப்டேட்டுக்குப் பிறகு ஃபைல் காணோம் என்று தேடி இங்கே வருபவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், சில நேரம் ஃபைல் அழிந்திருக்காது, இடம்தான் மாறியிருக்கும். 2020 பிப்ரவரியில் வந்த கேபி4532693 என்ற விண்டோஸ் 10 அப்டேட்டுக்குப் பிறகு பலருக்கு டெஸ்க்டாப் வெறிச்சோடிப் போனது. உண்மையில் அவர்கள் ஒரு தற்காலிகக் கணக்கில் நுழைந்திருந்தார்கள், சி டிரைவின் யூசர்ஸ் ஃபோல்டருக்குள் அவர்களுடைய பழைய ஃபோல்டர் பெயரின் வாலில் .000 என்றோ பிஏகே என்றோ ஒட்டிக்கொண்டு அப்படியே இருந்தது. பெரிய பதிப்பு மாற்றம் என்றால் விண்டோஸ்.ஓல்ட் என்ற ஃபோல்டரையும் பாருங்கள், வழக்கமாக 10 நாள்தான் வைத்திருக்கும். ஒன்டிரைவ் பேக்கப்பை ஆன் செய்தோ ஆஃப் செய்தோ இருந்தால் டாக்குமெண்ட்ஸ் காலியாகத் தெரியும், ஃபைல்கள் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் இருக்கும். அழிந்துவிட்டது என்று முடிவு கட்டி டிஸ்கைக் கிண்டுவதற்கு முன் இந்த மூன்றையும் பார்த்துவிட வேண்டும்.


மழைத்துளி:

அணைத்துவிட்டேன். போனில் இருந்து எழுதுகிறேன்.

லேப்டாப் வாங்கியபோது வந்த சீட்டைத் தேடிப் பார்த்தேன். சி டிரைவ் எஸ்எஸ்டி, டி டிரைவ் தனியாக 1 டிபி (டெராபைட்) ஹார்ட் டிஸ்க், சுழலும் வகை. ஃபோல்டர் இருந்தது டி-யில்தான். டவுன்லோட் செய்த ரெக்கவரி மென்பொருள் சி-யில் இருக்கிறது.

இதைப் படிக்கும்போது கை நடுங்குகிறது. அடுத்து என்ன?


வட்டுவைத்தியர்:

அப்படியென்றால் நம்பிக்கை வையுங்கள். நீங்கள் டி-யில் எதுவுமே எழுதவில்லை போலிருக்கிறது.

1 டிபி-யை விடப் பெரிய வெளி டிஸ்க் ஒன்று வேண்டும், 2 டிபி என்றால் நல்லது. இன்னொரு கணினியில் சிஸ்டம்ரெஸ்க்யூ என்ற லினக்ஸை (விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் சிஸ்டம்) ஒரு பென்டிரைவில் போட்டுக்கொள்ளுங்கள், இலவசம்தான். லேப்டாப்பை அந்தப் பென்டிரைவிலிருந்து ஆன் செய்தால் விண்டோஸ் எழுந்திருக்கவே எழுந்திருக்காது, டி டிரைவில் ஒரு எழுத்துகூட எழுதப்படாது. அதிலேயே டிடிரெஸ்க்யூ என்ற பிரதி எடுக்கும் கருவி இருக்கிறது. அதை வைத்து டி டிஸ்கை முழுசாக, காலி இடத்தையும் சேர்த்து, வெளி டிஸ்கில் ஒரு ஒற்றைப் பெரிய ஃபைலாகப் பிரதி எடுங்கள். எது மூலம் எது இலக்கு என்பதை மூன்று முறை சரிபாருங்கள். தலைகீழாகக் கொடுத்துவிட்டால் கதை முடிந்தது. பல மணி நேரம் ஓடும், விட்டுவிட்டுத் தூங்குங்கள்.

அப்புறம் அந்தப் பிரதியின் மேல்தான் வேலை, அசல் டிஸ்கைத் தொடவே கூடாது. முதலில் டெஸ்ட்டிஸ்க் என்ற மீட்புக் கருவி. என்டிஎஃப்எஸ்ஸில் (விண்டோஸ் டிஸ்கில் ஃபைல்களை அடுக்கிவைக்கும் முறை) அழிந்த ஃபைல்களின் அட்டவணைப் பதிவு இன்னும் கெடாமல் இருந்தால் பெயர், ஃபோல்டர், தேதி எல்லாவற்றோடும் அது மீட்டுக் கொடுக்கும். அதில் வராதவற்றுக்கு போட்டோரெக். பெயரில் போட்டோ இருந்தாலும் 480-க்கு மேற்பட்ட ஃபைல் வகைகளை அதற்கு அடையாளம் தெரியும். அது அட்டவணையைப் பார்ப்பதே இல்லை, டிஸ்க் முழுவதையும் தடவிப் பார்த்து ஒவ்வொரு வகை ஃபைலும் எப்படித் தொடங்கும் என்பதை வைத்துக் கண்டுபிடிக்கும். அதனால் பெயர் எதுவும் வராது, வெறும் எண்கள்தான் இருக்கும். பயப்படாதீர்கள், பெயர் போனால் பரவாயில்லை.

இவ்வளவும் கையில் செய்யத் தயக்கமாக இருந்தால் டேட்டா ரெக்கவரி செய்பவர்களிடம் கொடுங்கள், ஆனால் "முதலில் இமேஜ், அதாவது முழுப் பிரதி, எடுப்பீர்களா" என்று கேளுங்கள். இல்லை, நேரடியாக டிஸ்கிலேயே பார்ப்போம் என்று சொன்னால் வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.


கட்டளைவரி:

உங்கள் கடைசிக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். பதினைந்து வருடமாக மென்பொருள் எழுதுபவன், அதில் பாதிக் காலம் இன்ஸ்டாலர் எழுதித்தான் போனது. கொஞ்சம் நீளமாக வரும்.

ஒரு அப்டேட் உங்கள் பெயரில், உங்கள் அதிகாரத்தோடு ஓடுகிறது. நீங்கள் அழிக்கக்கூடிய எதையும் அதுவும் அழிக்கலாம், சிஸ்டத்துக்கு இரண்டும் ஒன்றுதான். தடுப்பது எழுதியவனின் கவனம் மட்டுமே. அந்தக் கவனம் எங்கே சறுக்குகிறது என்று பார்த்தால் மறுபடி மறுபடி ஒரே இடத்தில்தான். "இந்த ஃபோல்டர் என்னுடையது, அல்லது இது காலி, அதனால் துடைத்துவிடலாம்" என்ற நினைப்பு.

விண்டோஸ் 10-இன் அக்டோபர் 2018 அப்டேட், 1809 என்பார்கள். அக்டோபர் 2 அன்று வெளியிட்டார்கள், சில நாட்களில் நிறுத்தினார்கள், ஏனென்றால் பலருடைய டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்கள் காணாமல் போயின. நடந்தது என்னவென்றால், அந்த ஃபோல்டர்களை வேறு டிரைவுக்கு மாற்றிவைக்கும் வசதி விண்டோஸில் உண்டு. மாற்றியவர்களுக்கு அதற்கு முந்தைய அப்டேட்டில் பழைய இடத்தில் ஒரு காலி ஃபோல்டர் கூடுதலாகத் தோன்றியது, இது என்ன குப்பை என்று புகார் வந்தது. அந்தக் காலி ஃபோல்டரை நீக்க 1809-இல் புதிதாகக் கொஞ்சம் நிரல் சேர்த்தார்கள். ஆனால் சிலர் இடத்தை மாற்றியிருந்தாலும் பழைய ஃபைல்களைப் பழைய இடத்திலேயே விட்டிருந்தார்கள். அந்த நிரல் உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று பார்க்காமலே ஃபோல்டரோடு சேர்த்து எடுத்துவிட்டது. காலியா என்று ஒரே ஒரு கேள்வி! வெளியீட்டுக்கு முன்பே சோதனைப் பதிப்பைப் பயன்படுத்தியவர்களில் சிலர் ஃபைல் போய்விட்டது என்று மைக்ரோசாஃப்டின் கருத்துப் பெட்டியில் எழுதியிருந்தார்கள், ஆனால் அந்தப் புகார்களுக்கு மற்றவர்கள் போட்ட வாக்குகள் குறைவு, கூட்டத்தில் கரைந்துபோனது. பிறகுதான் பிரச்சினை எவ்வளவு தீவிரமானது என்று குறிப்பிடும் வசதியை அந்தக் கருத்துப் பெட்டியில் சேர்த்தார்கள். நவம்பர் 13 அன்றுதான் மறுபடி வெளியிட்டார்கள். அந்த அப்டேட்டைப் போட்டவர்களில் பாதிப்பைச் சொன்னவர்கள் பத்தாயிரத்தில் ஒருவர் என்றது மைக்ரோசாஃப்ட். நிறுத்தாமல் விண்டோஸ் 10 கணினிகள் எல்லாவற்றுக்கும் அனுப்பியிருந்தால் பத்தாயிரத்தில் ஒருவர் என்பது சின்னக் கூட்டமாக இருந்திருக்காது.

இது புதுசும் இல்லை. 2001 நவம்பரில் மேக்குக்கு வந்த ஐடியூன்ஸ் 2-இன் இன்ஸ்டாலர், டிரைவ் பெயரில் இடைவெளி இருந்த சிலருடைய டிரைவையே துடைத்தது. பாதையைச் சுற்றி மேற்கோள் குறி போடாததால் பெயர் பாதியில் வெட்டுப்பட்டு, கட்டளை தப்பான இடத்தில் பாய்ந்தது. ஆப்பிள் அதை உடனே திரும்பப் பெற்று 2.0.1 வெளியிட்டது. 2015 ஜனவரியில் ஸ்டீம் என்ற கேம் மென்பொருளின் லினக்ஸ் பதிப்பில் இதே மாதிரி. தன் ஃபோல்டர் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து ஒரு மாறியில் (நிரலில் மதிப்பைப் போட்டுவைக்கும் பெயர்) வைத்துக்கொண்டு, அதற்குள் இருப்பதை எல்லாம் அழி என்று ஒரு வரி. ஃபோல்டரை ஒருவர் நகர்த்தியிருந்தார், மாறி காலியானது, வரியின் அர்த்தம் "எல்லாவற்றையும் அழி" என்று மாறிவிட்டது. அவருடைய வெளி டிஸ்கில் இருந்த பேக்கப்பும் சேர்ந்து போனது. அந்த வரிக்கு மேலேயே "பயங்கரம்!" என்று எழுதியவரே ஒரு குறிப்பு வைத்திருந்தார் என்பதுதான் என்னை இன்றுவரை உறுத்துகிறது. ஆபத்து என்று தெரிந்தும் ஒரு சோதனை வரி சேர்க்கவில்லை.

2016 பிப்ரவரியில் அடோபி கிரியேட்டிவ் கிளவுடின் ஒரு மேக் அப்டேட், டிஸ்கின் மேல்மட்டத்தில் அகரவரிசையில் முதலாவதாக இருந்த ஃபோல்டரின் உள்ளடக்கத்தை அழித்தது. அது எந்த ஃபோல்டராக இருந்தாலும் சரி. பேக்பிளேஸ் என்ற பேக்கப் சேவை பயன்படுத்தியவர்களுக்கு அந்த முதல் இடத்தில் இருந்தது பேக்பிளேஸின் மறைவான ஃபோல்டர், அதனால் பேக்கப்தான் முதலில் கத்தியது.

எல்லாவற்றிலும் பெரியது கியோட்டோ பல்கலைக்கழகத்தில் நடந்தது. 2021 டிசம்பர் 14 முதல் 16 வரை, சூப்பர்கம்ப்யூட்டரின் சேமிப்பிலிருந்து சுமார் 77 டிபி, 3 கோடியே 40 லட்சம் ஃபைல்கள் அழிந்தன. பாதிக்கப்பட்டவை 14 ஆராய்ச்சிக் குழுக்கள், அதில் 4 குழுக்களின் தரவை மீட்கவே முடியவில்லை. எச்பிஇ நிறுவனம் கொடுத்த பேக்கப் நிரலில், பழைய லாக் ஃபைல்களை (மென்பொருள் தான் செய்ததை எழுதிவைக்கும் குறிப்புகள்) அழிக்கும் பகுதியைத் திருத்தியிருந்தார்கள். பழைய ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக எழுதிய ஃபைல்) ஓடிக்கொண்டிருக்கும்போதே புதியதை அதன் மேல் எழுதிவிட்டார்கள். அதை ஓட்டும் பாஷ் என்ற புரோகிராம் ஸ்கிரிப்டைப் படித்துக்கொண்டே ஓடும், முழுசாகப் படித்துவிட்டு ஓடாது. பாதி வழியில் புதிய வரிகள் வந்தன, அவற்றில் இருந்த மாறிகளுக்கு மதிப்பே இல்லை, லாக் ஃபோல்டருக்குப் பதிலாக ஆராய்ச்சித் தரவின் மேல் அழிப்பு ஓடியது. பேக்கப் எடுப்பதற்கென்றே இருந்த நிரல் அது. எச்பிஇ முழுப் பொறுப்பும் எங்களுடையது என்று எழுத்தில் ஒப்புக்கொண்டது, அதையாவது சொல்ல வேண்டும்.

உங்களுக்கு என்ன நடந்திருக்கும் என்பது என் ஊகம்தான். புதிய பதிப்பு நூலகத்தை வேறு இடத்துக்குப் பிரதி எடுத்திருக்கும், தனக்குத் தெரிந்த ஃபைல்களை மட்டும். பிறகு பழைய ஃபோல்டரைத் துடைத்திருக்கும், தனக்குத் தெரியாத ஃபைல்களோடு சேர்த்து. 1809-இன் கதையேதான்.

நான் எழுதும் எந்த இன்ஸ்டாலரிலும் இப்போது ஒரு விதி வைத்திருக்கிறேன். எந்தெந்த ஃபைலை நானே வைத்தேனோ அதற்கு ஒரு பட்டியல், அந்தப் பட்டியலில் உள்ளதை மட்டும் பெயர் சொல்லி அழிக்கலாம். ஃபோல்டரை மொத்தமாக அழிக்கும் கட்டளை கிடையவே கிடையாது. காலியாக இருந்தால் மட்டும் நீக்கு என்று சொன்னால் சிஸ்டமே காலியில்லாததைத் தொட மறுக்கும், அதற்கென்றே அந்தக் கட்டளை இருக்கிறது. பயனரின் ஃபைலை நகர்த்தத்தான் வேண்டும் என்றால் பழையதை வேறு பெயரில் ஒரு மாதமாவது வைத்திருக்க வேண்டும். இந்த விதி எனக்குச் சும்மா வரவில்லை. எட்டு வருடம் முன்பு, நான் வேலை பார்த்த இடத்தில் என் அப்டேட் ஸ்கிரிப்ட் ஒன்று சக ஊழியர் ஒருவரின் நான்கு மாத அளவீடுகளை அழித்தது. அவர் அந்தக் கோப்புகளை என் மென்பொருளின் ஃபோல்டருக்குள் ஏன் வைத்தார் என்று அன்று கேட்டேன். அப்படிக் கேட்டதற்கு இன்றும் வருந்துகிறேன். அவர் வைக்கலாம், அது அவருடைய கணினி.


நேர்கோடு:

வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் யாராவது சொல்லியாக வேண்டும். ஒரே பிரதி வைத்திருந்தால் அது என்றாவது போகும். இன்று அப்டேட், நாளை டிஸ்க் செத்துப்போகும், மறுநாள் லேப்டாப் தண்ணீரில் விழும். எல்லா உரிம ஒப்பந்தத்திலும் "உள்ளது உள்ளபடி தருகிறோம், தரவு இழப்புக்குப் பொறுப்பில்லை" என்று இருக்கிறது, நாம் சம்மதம் என்று அழுத்திவிட்டுத்தான் உள்ளே வருகிறோம். நிறுவனத்தைத் திட்டி என்ன ஆகப்போகிறது?


எழுதுகோல்:

நேர்கோடு, நீங்கள் சொல்வதில் பேக்கப் பகுதியை ஒப்புக்கொள்கிறேன், மீதியை ஒப்புக்கொள்ளவே மாட்டேன். டிஸ்க் செத்துப்போவது தேய்மானம். இது அப்படி இல்லை. ஒருவர் உட்கார்ந்து "அழி" என்று எழுதி, இன்னொருவர் சரி என்று ஒப்புதல் கொடுத்து, லட்சக்கணக்கான கணினிகளுக்கு அனுப்பிவைத்த செயல். பூட்டாத வீட்டில் திருடியவனுக்கும் திருட்டு திருட்டுதான்.

"பேக்கப் எடுத்திருக்கலாமே" என்பவர்கள் மறப்பது இன்னொன்று. பத்திரமாக வைக்கச் சொன்ன இடத்திலேயே வைத்தவர்களுக்கும் இது நடந்திருக்கிறது. 2023 நவம்பரில் கூகுள் டிரைவை டெஸ்க்டாப்பில் பயன்படுத்திய சிலருக்குப் பல மாத ஃபைல்கள் காணாமல் போயின, கூகுளே ஒப்புக்கொண்டு, கணக்கைத் துண்டிக்க வேண்டாம் என்று எச்சரித்து, பிறகு மீட்புக் கருவியோடு புதிய பதிப்பு விட்டது. 2020 ஆகஸ்டில் அடோபியின் போட்டோ ஆப்பான லைட்ரூமின் ஐபோனுக்கான 5.4 பதிப்பு, கிளவுடுக்கு ஏறாத போட்டோக்களையும் எடிட்டுகளையும் அழித்தது. 5.4.1 வந்து ஓட்டையை அடைத்தது, ஆனால் போனது போனதுதான், மீட்க வழியில்லை என்று அடோபி தரப்பிலிருந்தே சொன்னார்கள். அந்தப் பயனர்கள் என்ன தவறு செய்தார்கள்? போட்டோ எடுக்கும் ஆப்பில் போட்டோ வைத்தார்கள்.

அப்புறம் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் அதுவே கடைசி வார்த்தை இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் பொருள் பொறுப்புச் சட்டத்தைப் புதுப்பித்திருக்கிறது. அதில் மென்பொருளும் ஒரு பொருள் என்று வெளிப்படையாக வந்துவிட்டது. தொழிலுக்கு அல்லாத சொந்தத் தரவு அழிந்தாலோ சிதைந்தாலோ அதுவும் இழப்பீடு கேட்கக்கூடிய சேதம்தான். உறுப்பு நாடுகள் 2026 டிசம்பர் 9-க்குள் இதைத் தங்கள் சட்டமாக்க வேண்டும், அதற்குப் பிறகு சந்தைக்கு வரும் பொருட்களுக்குப் பொருந்தும். ஐரோப்பாவுக்கு வெளியே இருப்பவர்களுக்கு இது நேரடியாக உதவாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் ஒருவருடைய குடும்பப் போட்டோ அழிவது சேதம்தான் என்று ஒரு சட்டம் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறது. இத்தனை வருடம் அதைக்கூடச் சொல்ல ஆளில்லை.

மழைத்துளி, புகாரில் பதிப்பு எண், நேரம், பழைய ஃபோல்டரின் முழுப் பாதை எல்லாவற்றையும் எழுதுங்கள். அந்த மென்பொருளின் லாக் ஃபைல் சி டிரைவில் இருக்கும், டி-யின் பிரதி எடுத்து முடித்த பிறகு அதையும் எடுத்து வையுங்கள். மறுக்க முடியாத சாட்சி அதுதான். உங்களைப் போல இன்னும் எத்தனை பேர் நாளைக்குச் சரி என்று அழுத்தப் போகிறார்களோ.


நேர்கோடு:

சரி, தேய்மானத்தையும் இதையும் ஒன்றாகச் சொன்னது தப்புதான். மழைத்துளி, மன்னித்துக்கொள்ளுங்கள், நீங்கள் சொல்லாதீர்கள் என்று கேட்டதையே சொல்லிவிட்டேன். 2 டிபி டிஸ்கில் எந்த வேகமும் போதும், விலை உயர்ந்தது தேவையில்லை, யூஎஸ்பி 3 போர்ட்டில் மட்டும் சொருகுங்கள், இல்லையென்றால் பிரதி எடுக்க இன்னும் பல மணி நேரம் கூடுதலாக ஆகும்.


மழைத்துளி:

மூன்று நாள் கழித்து வருகிறேன்.

சொன்னபடியே செய்தேன். பிரதி எடுக்கும் கட்டளையை அழுத்துவதற்கு முன் எது மூலம் எது இலக்கு என்று மூன்று முறை இல்லை, பத்து முறை பார்த்தேன். டெஸ்ட்டிஸ்கில் சிவப்பு எழுத்தில் அழிந்த ஃபைல்களின் பட்டியல் வந்தது, அதில் 11 பதிவுகள் பெயரோடு, தேதியோடு அப்படியே கிடைத்தன. முதலாவதைத் திறந்தேன். அம்மா மூக்கைச் சிந்திவிட்டு "பதிவாகுதா இது?" என்று கேட்கிற இடம். அதற்கு மேல் அன்று வேலை ஓடவில்லை.

மறுநாள் போட்டோரெக் ஓட்டினேன். ஆயிரக்கணக்கில் ஃபைல்கள் கொட்டின, ஆடியோவை மட்டும் பிரித்தெடுத்துக் கேட்டுக் கேட்டு இதுவரை 20 பதிவுகள் அடையாளம் கண்டேன். ஆக 37-இல் 31. இன்னும் நாலைந்து ஃபைல்கள் இருக்கின்றன, அளவைப் பார்த்தால் அவையும் அம்மாவுடையதாகத்தான் இருக்க வேண்டும், ஆனால் திறக்க மாட்டேன் என்கின்றன. எல்லாமே எம்4ஏ என்ற ஆடியோ வகை. முதல் போனில் ஏஎம்ஆர் என்ற இன்னொரு வகையில் பதிவான ஃபைல்களில் ஒன்றிரண்டு பாதியில் நின்றுபோனாலும் அதுவரை ஓடுகின்றன, இவை ஒரு நொடிகூட ஓடவில்லை. இதில் ஏதாவது வழி இருக்கிறதா?

இன்னொன்று, அந்த 20-க்கும் தேதி போய்விட்டது. எது முதலில் சொன்னது எது கடைசியில் சொன்னது என்று எனக்குத் தெரிய வேண்டும்.

நிறுவனத்திடமிருந்து தானியங்கி பதில் மட்டும் வந்திருக்கிறது. லாக் ஃபைலை இணைத்து மறுபடி அனுப்பினேன். எழுதுகோல் சொன்னது சரி, பழைய ஃபோல்டரை அழித்தேன் என்று அதுவே நேரத்தோடு எழுதி வைத்திருக்கிறது.


வட்டுவைத்தியர்:

31! இதைப் படித்துவிட்டு எழுந்து ஒரு நடை நடந்துவிட்டு வந்தேன்.

தேதியைப் பற்றி: எம்4ஏ ஃபைலுக்குள்ளேயே பதிவான நேரம் பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கும், பெயர் போனாலும் அது போகாது. எக்சிஃப்டூல் என்ற இலவசக் கருவியில் போட்டால் காட்டும். உலக நேரத்தில் இருக்கும், அதனால் சில மணி நேரம் முன்னே பின்னே தெரியும். போட்டோக்களுக்கும் இதுவே போதும். ஏஎம்ஆரில் மட்டும் உள்ளே தேதி கிடையாது, அவற்றை அவர் பேசுவதை வைத்துத்தான் வரிசைப்படுத்த வேண்டியிருக்கும்.

திறக்காத ஃபைல்கள்: ஏஎம்ஆர் என்பது சின்னச் சின்னத் துண்டுகளாக வரிசையாக ஓடும், எங்கே அறுந்தாலும் அதுவரை ஓடும். எம்4ஏ அப்படி இல்லை, ஒலியை எப்படிப் படிப்பது என்ற குறிப்பு தனியாக ஒரு இடத்தில் இருக்கும், போன்களில் பெரும்பாலும் கடைசியில். ஃபைல் டிஸ்கில் துண்டு துண்டாகச் சிதறியிருந்தால் போட்டோரெக் அந்த வாலைத் தவறவிட்டுவிடும். ஒலி இருக்கிறது, குறிப்பு இல்லை, அதனால்தான் ஓடவில்லை. அன்ட்ரங்க் என்று ஒரு கருவி இருக்கிறது. அதே போனில், அதே ஆப்பில் பதிவான ஒரு நல்ல ஃபைலை மாதிரியாகக் கொடுத்தால் அந்தக் குறிப்பைத் திரும்பக் கட்டிப் பார்க்கும். எல்லா நேரமும் வேலை செய்யாது, ஆனால் உங்களிடம் நல்ல மாதிரிகள் இருக்கின்றன, முயற்சி செய்து பாருங்கள். பிரதியில்தான், அசலில் வேண்டாம்.

அப்புறம் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும், விட்டுவிட்டேன். அந்தப் பதிவுகளை எடுத்த போன்கள் என்ன ஆயின?


மழைத்துளி:

முதல் போன் உடைந்து என்றோ போய்விட்டது. இரண்டாவது போன் அலமாரியில் இருக்கிறது, லேப்டாப்புக்கு மாற்றிய பிறகு அதிலிருந்து அழித்தேனா இல்லையா என்று சத்தியமாக நினைவில்லை. இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன், பேட்டரி உப்பவில்லை, சார்ஜர்தான் காணவில்லை. தேடிக்கொண்டிருக்கிறேன்.